ராமநாதபுரம் கரையில் அரச வன்முறையை ஆவணப்படுத்திக் கண்காட்சி வைக்க வருபவர்களுக்கு: படிப்படியான வழிகாட்டி

ஆய்வுக் கட்டுரை, குறும்படம், ஓவியக் கண்காட்சி, வீதி நாடகம் என்று ஏதாவது ஒன்றுக்காக வருஷந்தோறும் மாணவர்களும் கலைஞர்களும் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் வருகிறார்கள். கடலில் சுடப்பட்டவர் வீட்டுக்குப் போகிறார்கள், இலங்கைச் சிறையிலிருந்து திரும்பியவரைப் பேசவைக்கிறார்கள், 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களைத் தேடுகிறார்கள். படம் பெருநகரத்தில் ஓடுகிறது. வீட்டுக்காரர்கள் கையில் ஒரு நகல்கூட இருப்பதில்லை. அடுத்த வருஷம் வேறொருவர் வந்து அதே கேள்வியை முதலிலிருந்து கேட்கிறார்.

நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து இந்தக் கரையில் ஒரு சிறிய கண்காட்சி வைத்தோம். எந்த அலுவலகத்தில் எந்தத் தாள், எது இலவசம், எந்த மாதம் வரக்கூடாது என்று சொல்லித்தர ஆளில்லாமல் நிறைய அலைந்தோம். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. தலைப்பைச் சுருக்குங்கள்

‘இனவெறியும் அரச வன்முறையும்’ என்ற தலைப்போடு பஸ் ஏறாதீர்கள். இந்த மாவட்டத்தில் மட்டும் அந்தத் தலைப்புக்குள் குறைந்தது நான்கு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச்சூடும் கைதும் ஒன்று. இலங்கையில் இனத்தின் பெயரால் விரட்டப்பட்டு மண்டபம் அகதி முகாமுக்கு வந்தவர்களின் வாழ்க்கை இன்னொன்று. 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் கடற்பாசி எடுக்கப்போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் நடக்கும் இழுபறி மூன்றாவது. கரையிலிருந்து உள்ளே போனால், 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தலித் மக்கள் மீது போலீஸ் சுட்டது நான்காவது.

நான்குக்கும் அலுவலகம் வேறு, ஆவணம் வேறு, ஆபத்தும் வேறு. ஒன்றை மட்டும் எடுங்கள். ஊர், ஆண்டு, யார் யாருக்குச் செய்தது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்கும் வரை சுருக்குங்கள். ‘2010 முதல் 2020 வரை பாம்பன் விசைப்படகுத் தொழிலாளர்கள் இலங்கைச் சிறையில்’ என்ற அளவு போதும். வாக்கியம் இதைவிட நீண்டால் செலவும் நீளும்.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் முதல் விஷயத்தையே உதாரணமாக வைத்துப் பேசுகிறேன். மற்ற மூன்றுக்கும் படிகள் ஏறக்குறைய இவையேதான். முகாமுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஆறாவது படியில்.

2. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஆட்கள் கரையில் இருப்பார்கள். படகுப் பராமரிப்பு, பெயின்ட், வலை பொத்துவது என்று வேலை இருந்தாலும் உட்கார்ந்து பேச மாலையில் நேரம் கிடைக்கும். பதிவு வேலைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் அப்போது வீட்டில் பணப்புழக்கம் இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

மற்ற மாதங்களில் ராமேஸ்வரம் பகுதி விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மீதி நாள் நாட்டுப்படகுக்கு. எந்த நாள் யாருக்கு என்று ஊரில் கேட்டுவிட்டு வாருங்கள். படகு போன மறுநாள் காலையில் ஜெட்டிக்குப் போய் ‘அண்ணே, ஒரு பேட்டி’ என்று நின்றால் உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது மீன் இறக்கும் நேரம். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலில் இருப்பார்கள். அந்த நாட்களைத் தவிருங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் பொது நிகழ்ச்சி வைக்கவே நினைக்காதீர்கள். செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி. இரண்டையும் ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வருஷ வழக்கம். முன்பு 144 என்றார்கள். புதிய சட்டத்தில் அது 163. வெளியூர் வண்டிகளை நிறுத்துவார்கள், கூட்டத்துக்கு அனுமதி கிடைக்காது. அப்புறம் மழை தொடங்கிவிடும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரூம் வாடகை எகிறிவிடும். ராமநாதபுரம் டவுனில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துபோவது மலிவு. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை வருகிறது.

3. வீட்டுக் கதவைத் தட்டும் முன் காகிதத்தைச் சேருங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் அழும் அம்மாவைப் படம் எடுத்துவிட்டு, அப்புறம் எந்தத் தேதி, எந்த வழக்கு என்று தேடுகிறார்கள். ஏற்கெனவே அச்சில் இருக்கிற விஷயத்தை அந்த அம்மாவிடம் கேட்டு அவரை மறுபடி அழவைக்க உங்களுக்கு என்ன தேவை?

இலவசமாகக் கிடைப்பவற்றில் தொடங்குங்கள். இந்திய நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் மக்களவை, மாநிலங்களவைக் கேள்வி பதில்கள் இருக்கின்றன. மீனவர் கைது, படகு பறிமுதல், துப்பாக்கிச்சூடு பற்றி எம்.பி.க்கள் கேட்டதற்கு வெளியுறவு அமைச்சகம் ஆண்டுவாரியாக எண்ணிக்கையோடு பதில் சொல்லியிருக்கிறது. இது அரசே எழுத்தில் கொடுத்த கணக்கு என்பதால் பின்னால் யாரும் உங்களை ‘எங்கிருந்து எடுத்தாய்?’ என்று கேட்க முடியாது.

விசாரணை ஆணைய அறிக்கைகள் அடுத்து. சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையாக இருந்தால் எடுத்துப் பயன்படுத்தலாம். 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டது பற்றிய நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் இதைப் படியுங்கள். யார் எங்கே நின்றார், குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது, உத்தரவு யார் கொடுத்தார் என்று ஒரு சம்பவத்தை எப்படிப் பிரித்துக் கேட்பது என்பதற்கு அது நல்ல பாடம். பரமக்குடி பற்றி நீதிபதி சம்பத் ஆணைய அறிக்கை உண்டு. அது போலீஸ் பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், ஆணையம் என்ற சொல்லைக் கேட்டதும் வருகிற நம்பிக்கை, அவநம்பிக்கை இரண்டும் ஒரு நிதானத்துக்கு வரும்.

இலங்கைப் பக்கம் நடந்தவற்றுக்கு ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இணையத்தில் இருக்கிறது. ஈழத்துப் பத்திரிகைகள், சிற்றிதழ்கள், துண்டுப் பிரசுரங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கிடைக்கும், பைசா செலவில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்குச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். போவதற்கு முன் என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

4. ஆர்.டி.ஐ. மனு: பத்து ரூபாய் வேலை, மாதக்கணக்கில் காத்திருப்பு

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவை ஊருக்கு வருவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே போட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும் என்பது சட்டம். வராது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுவது உங்கள் நிம்மதிக்கு நல்லது.

கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகம் என்றால் மனுவிலேயே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர், அல்லது இணையத்தில் கட்டலாம். இரண்டையும் மாற்றிப் போட்டால் மனு திரும்பி வரக்கூடும், ஒரு மாதம் போச்சு. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நிறையப் பக்கம் உள்ள கோப்பு என்றால் பார்வையிட்டு, தேவையான பக்கத்தை மட்டும் நகல் எடுப்பதே புத்திசாலித்தனம்.

‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தாளைக் கேளுங்கள்: ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்த ஊர் மீனவர்கள் கைது தொடர்பாக வந்த கடிதங்கள், அனுப்பிய கடிதங்களின் நகல்.’ ஒரு மனுவில் ஒரு விஷயம். மீன்வளத் துறைக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று, வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். ‘எங்களிடம் இல்லை’ என்று ஓர் அலுவலகம் சொன்னால், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. அந்தப் பிரிவை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மறுப்புகள் மூன்று விதமாக வரும். வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்பது ஒன்று. அப்படியானால் மறைக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி பிரிவு 10-ஐக் காட்டிக் கேளுங்கள். விசாரணை நடக்கிறது என்பது இரண்டாவது. விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, தகவலைத் தருவது அதற்கு எப்படி இடையூறு என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-ல் சொல்லியிருக்கிறது. மூன்றாவது, ‘எங்கள் பிரிவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது’ என்று உளவு, பாதுகாப்புப் பிரிவுகள் சொல்வது. மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் அந்த விலக்கு முழுதாக நிற்காது. பிரிவு 24-ஐப் படியுங்கள்.

பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, 30 நாளுக்குள், கட்டணம் இல்லை. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, 90 நாளுக்குள். எல்லாவற்றையும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு பின் அடித்து வையுங்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனுவே வரவில்லை என்றார்கள். ரசீதைக் காட்டியதும் வந்துவிட்டது.

எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை போன்றவற்றுக்கு மூன்றாம் ஆளாக நீங்கள் மோதுவதைவிடக் குடும்பத்தார் எழுதிக் கேட்பது சுலபம். மனு எழுத உதவுங்கள், வரும் தாள் அவர்களுடையது. பல வீடுகளில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பாதி ஆவணம் இருக்கும்: மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுப் புத்தகம், கடலுக்குப் போக வாங்கிய டோக்கன், இலங்கை நீதிமன்றத் தாள், திரும்பி வர இந்தியத் தூதரகம் கொடுத்த அவசரச் சான்றிதழ். இலங்கையின் மன்னார், ஊர்காவற்துறை நீதிமன்றங்களில் நடவடிக்கை தமிழில் நடப்பதால் அந்தத் தாள்களை நீங்களே படிக்கலாம். மூலத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே செல்போனில் ஸ்கேன் செய்து, பையைத் திரும்பக் கட்டிக் கொடுங்கள்.

5. சம்மதம்

எல்லாத் தாள்களிலும் முக்கியமானது நீங்கள் எழுதிக்கொண்டு போக வேண்டிய சம்மதப் படிவம். பல்கலைக்கழகம் கொடுத்த ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. தமிழில், ஒரு பக்கத்துக்குள், பெரிய எழுத்தில் எழுதுங்கள். குரலைப் பதிய, முகத்தைக் காட்ட, பெயரைப் போட, ஆவண நகலைக் காட்ட, இணையத்தில் ஏற்ற என்று ஐந்துக்கும் ஐந்து தனிக் கட்டம். குரலுக்குச் சரி சொல்பவர் முகத்துக்குச் சரி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பிரதி, ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரியும், யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்ற எண்ணும் அதில் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவர் வாசித்துக் காட்டிய பிறகே கைரேகை.

இறந்தவரின் படம் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன். 1955-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் கொன்றார்கள். சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்கில், சிதைந்த முகம் எல்லோருக்கும் தெரியும்படி சவப்பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அவன் அம்மா மேமி. அந்தப் புகைப்படம் ஒரு தலைமுறையையே கிளப்பியது. இதைச் சொல்லித்தான் பல இளம் கலைஞர்கள் ரத்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டுவதை நியாயப்படுத்துகிறார்கள். அங்கே முடிவெடுத்தவர் அம்மா என்பதை விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே சுற்றுகிற படமாக இருந்தாலும் வீட்டாரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பேசும்போது சம்பவத்தில் தொடங்காதீர்கள். என்ன மீன் பிடிப்பார், எந்தப் படகு, யாரோடு போவார் என்று கேட்டால் சம்பவம் தானாக வரும். வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ‘எத்தனை பேருக்குத்தான் தம்பி சொல்றது?’ என்று ஒருவர் கேட்டால் அதுவே உங்களுக்கான பதில். ரெக்கார்டரை அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். வேலையை விட்டுவிட்டு உட்காருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுக்கலாமா என்று ஆய்வாளர்கள் தயங்குவார்கள். கொடுக்கலாம் என்பது என் கட்சி. பேச்சுக்கு விலை என்று ஆகாமல், இழந்த நேரத்துக்கு என்று முதலிலேயே சொல்லி, எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொடுங்கள்.

6. மண்டபம் முகாம்

முதல் வேலையாக இதை எடுக்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. 2021-ல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. வெளியாள் நுழைய அனுமதி வேண்டும் என்பது மாறவில்லை. சென்னையில் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கு விண்ணப்பித்து, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் முகாமின் தனித்துணை ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். கல்வி நிறுவனத்தின் கடிதம், ஆதார் நகல், கேட்கப்போகும் கேள்விகளின் பட்டியல், யார் யார் வருகிறார்கள், எந்தத் தேதிகள் என்பவை இருக்கட்டும். பதில் வர மாதங்கள் ஆகும், வராமலும் போகலாம்.

அனுமதி இல்லாமல் உள்ளே போய்ப் பேசினால் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையோடு முடியும். பேசியவருக்கு அப்படி முடியாது. அவர் பெயர் முகாம் பதிவேட்டில் இருக்கிறது. குடியுரிமை, வெளிநாட்டுப் பயணம், பிள்ளையின் படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அதே அலுவலகத்தில்தான் அவர் போய் நிற்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் இலங்கைத் தமிழர் இல்லை என்பதால் பலருடைய விண்ணப்பங்கள் தொங்கலில் இருக்கின்றன. யார் படகில் வந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எந்தத் திட்டில் இறக்கிவிட்டார்கள் என்ற கேள்விகளைக் கேட்கவே வேண்டாம். பதிலைப் பதிந்து வைப்பதும் ஆபத்து.

முகாம்களில் வளர்ந்து படித்து இன்று எழுதுகிற, படம் வரைகிற, பறை அடிக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஆய்வுப் பொருளாக நினைக்காமல் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை இல்லை. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல பத்தாண்டுகளாக முகாம்களில் வேலை செய்கிறது. வழி கேட்க அது நல்ல இடம்.

7. ஊரில் யார் மூலம் நுழைகிறீர்கள்?

விசைப்படகுச் சங்கம், நாட்டுப்படகுச் சங்கம், பங்குச் சாமியார், ஜமாத், கிராமத் தலைவர். இவர்களில் ஒருவருக்காவது முதலில் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஒருவரோடு மட்டும் சுற்றினால் அவருடைய ஆள் ஆகிவிடுவீர்கள். படகு முதலாளி அறிமுகப்படுத்திய கூலித் தொழிலாளி, முதலாளி உட்கார்ந்திருக்கும்போது என்ன சொல்வார் என்று யோசியுங்கள். பெண்களிடம் பேச உங்கள் குழுவில் பெண் இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

போட்டோ எடுக்கும் இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, பாம்பனில் ரயில் பாலம் என்று இந்தக் கரை முழுக்கப் பாதுகாப்பு இடங்கள். அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட்டால் கருவி போய்விடும், நீங்களும் ஸ்டேஷனில் இருப்பீர்கள். தனுஷ்கோடியில் மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் படகில் போகாதீர்கள். கூட்டிப்போகும் மீனவர்தான் மாட்டிக்கொள்வார்.

8. மூன்று பத்தி நோட்டு

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பக்கம். இடது பத்தியில் படகில் இருந்தவர்கள் சொன்னது, நடுவில் தாளில் இருப்பது, வலது பத்தியில் எதிர்த்தரப்பு சொன்னது. 2017 மார்ச் 6 அன்று தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக்கொல்லப்பட்டார். இலங்கைக் கடற்படை சுட்டது என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். தாங்கள் சுடவில்லை என்று கடற்படை மறுத்தது. மறுப்பையும் எழுதுங்கள். மறுப்பை மறைத்த ஆவணம் முதல் விவாதத்திலேயே விழுந்துவிடும்.

வலது பத்தியில் இன்னொரு கூட்டமும் வர வேண்டும்: வடக்கு இலங்கையின் தமிழ் மீனவர்கள். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்களின் வலையை நம் இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன என்பது அவர்களுடைய நீண்ட நாள் குற்றச்சாட்டு. இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நிராயுதபாணியைச் சுடுவதை இது நியாயப்படுத்தாது. ஆனால் இதைச் சொல்லாமல் ‘தமிழன் என்பதால் மட்டுமே அடிக்கிறார்கள்’ என்று ஒரே கோடாக வரைந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து கண்காட்சியைப் பார்க்க வரும் ஒரு தமிழருக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. உள்ளூரில் சிலருக்கு இந்தப் பக்கம் பிடிக்காது. முன்கூட்டியே சங்கத்தாரிடம் காட்டிப் பேசிவிடுங்கள், திறப்பு விழா அன்று சண்டை வேண்டாம்.

9. வடிவம்

நோட்டு நிறைந்த பிறகுதான் இது. என்ன வடிவம் என்பதைக் கையில் இருக்கும் பொருள் முடிவு செய்யட்டும்.

ஜி.பி.எஸ். புள்ளிகளும் நேரமும் கிடைத்திருந்தால் வரைபடம் செய்யுங்கள். 2011-ல் லிபியாவிலிருந்து 72 பேரோடு கிளம்பிய ரப்பர் படகு ஒன்று இரண்டு வாரம் மத்தியதரைக் கடலில் அலைந்தது. ஒன்பது பேர்தான் பிழைத்தார்கள். அப்போது அந்தக் கடற்பகுதி நேட்டோ கண்காணிப்பில் இருந்தது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் ‘ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர்’ ஆய்வுக் குழு, உயிர் பிழைத்தவர்களின் பேச்சையும் செயற்கைக்கோள் தரவையும் சேர்த்து அந்தப் படகு எங்கே எப்படி மிதந்தது என்று வரைந்து காட்டியது. அதைக் கலைக்கூடத்திலும் வைக்கலாம், வழக்குக்கும் பயன்படும். நம் படகுகளிலும் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. எல்லைக்கோடு, கச்சத்தீவு, சம்பவ இடம் மூன்றையும் ஒரே தாளில் வைத்தாலே பார்ப்பவர் நின்று பார்ப்பார். ஆனால் புள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்தால், அதை வெளியிடுவது படகுக்காரருக்கு எதிராகத் திரும்புமா என்று முதலில் வக்கீலிடம் கேளுங்கள்.

பெயர்கள் நிறைய இருந்தால் பெயர்ப்பட்டியல் போதும், ஓவியமே தேவையில்லை. அமெரிக்காவில் கும்பல் கொலை செய்யப்பட்ட கறுப்பின மக்களுக்காக அலபாமாவின் மான்ட்கோமரியில் 2018-ல் திறந்த நினைவிடத்தில் 4,400-க்கும் மேற்பட்டவர்களை மாவட்டவாரியாக இரும்புத் தூண்களில் பொறித்திருக்கிறார்கள். பெயர் கிடைக்காதவரை ‘பெயர் தெரியாதவர்’ என்றே பொறித்திருக்கிறார்கள். உங்கள் பட்டியலிலும் ஊர், தேதி, பெயர், தெரியாவிட்டால் தெரியாது. அவ்வளவுதான்.

குரல்தான் உங்களிடம் இருக்கிறதென்றால் ஒப்பாரியும் கடல் பாட்டும் இந்தக் கரையிலேயே இருக்கின்றன. பாட்டியை மேடையேற்றி அழவைக்காதீர்கள். பதிவு செய்து, அவர் கேட்டுச் சரி சொன்ன பகுதியை மட்டும் ஹெட்போனில் வையுங்கள்.

வீதி நாடகம் என்றால், சுடும் காட்சியை நடித்துக் காட்டுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். முன்வரிசையில் சுடப்பட்டவரின் தங்கை உட்கார்ந்திருக்கலாம். கம்ப்யூட்டர் வரைந்து கொடுக்கும் போலிப் படங்களை எதற்காகவும் சேர்க்காதீர்கள். ஒன்று போலி என்று தெரிந்தால் உண்மையான எஃப்.ஐ.ஆர். நகலையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பத்திரிகைப் படங்களுக்கு எடுத்தவரிடம் அனுமதி வாங்குங்கள். உள்ளூர் நிருபர்கள் பெயர் போட்டால் போதும் என்று பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். தீர்ப்பு நகலும் சட்டமன்றத்தில் வைத்த அறிக்கையும் பொதுவாகத் தடையின்றி அச்சிடக்கூடியவை. தண்டனை வராத வழக்கில் ‘கொலைகாரர்’ என்று பெயரோடு எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதுங்கள்.

10. இடம், அனுமதி, பணம்

பங்கு மண்டபம், பள்ளிக்கூடம், சங்கக் கட்டடம் என்று நான்கு சுவர் உள்ள இடமே நல்லது. பாம்பன் காற்றில் திறந்தவெளி பேனல் நிற்காது. உள்ளரங்கம் என்றாலும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி தனி. இரவு 10 முதல் காலை 6 வரை கிடையாது. மனுவைப் பத்துப் பதினைந்து நாள் முன்பே கொடுங்கள். கடைசி நாளில் ‘இல்லை’ என்று வந்தால் மதுரைக்கு ஓடி உயர் நீதிமன்றக் கிளையில் மனு போட நேரம் வேண்டும். நாடகப் பிரதியை முன்கூட்டியே கொடு என்று யாராவது கேட்டால், 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் ரத்து செய்துவிட்டது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

செலவில் பெரும்பகுதி அச்சுக்கும் போக்குவரத்துக்கும் போகும். பிளக்ஸ் மலிவு, ஆனால் மடங்கும், பளபளக்கும், எழுத்து தெரியாது. ஆவண நகல்களைச் சாதாரண ஏ3 தாளில் அச்சிட்டு அட்டையில் ஒட்டினால் செலவும் குறையும், படிக்கவும் வசதி. ராமநாதபுரம் அச்சகங்களில் கல்யாண முகூர்த்த மாதங்களில் வேலை தள்ளிப்போகும். வண்டி, டீ, சாப்பாடு, கூலி ஈடு ஆகியவற்றுக்கு அச்சுச் செலவுக்குச் சமமான தொகையை ஒதுக்குங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர், நண்பர் யாராவது பணம் அனுப்புகிறேன் என்றால் வாங்காதீர்கள். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் இந்த மாதிரி வேலைக்கு வெளிநாட்டுப் பணம் வாங்குவது குற்றம், அதைத்தான் முதலில் தோண்டுவார்கள். கட்சிக்காரர் பந்தல் போட்டுத் தருகிறேன் என்றாலும் யோசியுங்கள். பந்தலோடு கொடியும் வரும்.

11. முடிந்த பிறகு

திறப்பு விழாவுக்கு முந்தின மாலை குடும்பங்களுக்கு மட்டும் காட்டுங்கள். ஒரு பேனலை எடு என்று சொன்னால் எடுத்துவிடுங்கள். அதற்காகவே இரண்டு வெற்றுப் பேனல் கைவசம் இருக்கட்டும்.

பதிவுகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், இரண்டும் இரண்டு வீட்டில். புகைப்படத்தில் தானாகப் பதியும் இடக் குறிப்பை நீக்கிவிட்டுத்தான் யாருக்கும் அனுப்ப வேண்டும். பெயர் மாற்றியவர்களின் உண்மைப் பெயர்ப் பட்டியல் செல்போனில் இருக்கக்கூடாது, தாளில் ஒருவரிடம் மட்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய பேச்சு பென் டிரைவில், அவர்களுடைய ஆவணங்கள் லேமினேட் செய்த நகலாக. உப்புக் காற்றில் தாள் நிற்காது என்பதால் இந்த லேமினேஷன் செலவைக் குறைக்காதீர்கள். மூலத்தை மட்டும் லேமினேட் செய்ய வேண்டாம். நீதிமன்றத்தில் பிறகு சிக்கல் வரும். மாட்டிய பிளக்ஸைக் கூரைக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் கேட்பார்கள். எழுத்து மட்டும் உள்ளதைக் கொடுங்கள், முகம் உள்ளதை வீட்டாரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுக்க எந்தக் குடும்பமாவது விரும்பினால், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். உங்கள் நோட்டில் சமீபத்திய சம்பவம் இருந்தால் அந்தத் தேதியைக் கண்காட்சி வேலையில் மறந்துவிடாதீர்கள். ஆர்.டி.ஐ. மேல்முறையீட்டுப் பதில்கள் எல்லாம் முடிந்து நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் வந்துகொண்டிருக்கும். மனுவில் எழுதிய முகவரி மாறினால் ஆணையத்துக்கு எழுதிச் சொல்லுங்கள். பதில் வந்த வாரமே ஒரு நகலை அந்த வீட்டுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டுப் போன் செய்து வாசித்துக் காட்டுங்கள்.